சொல், முகம், உரிமை: ஒரு சொல்லிசைக் கலைஞர் நடிகரான கதையிலிருந்து நமக்குச் சில கேள்விகள்

(ஊரப்பாக்கத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐயாவின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவில் நிலம், கல்வி, இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு ராப் பாடகர் ஒருவர் நடிகரான கதையைப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், சினிமாக்காரர் கதை நமக்கெதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரை ரயில் பாதையை ஒட்டிய காலனிகளில் இன்று பிள்ளைகள் கைபேசியில் பீட் ஓடவிட்டுச் சொந்தமாக எழுதிப் பாடுகிறார்கள். கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடைகளில் ஏறுகிறார்கள். அவர்களில் பலருக்கு அடுத்த படி சினிமா. அந்தப் படியில் கால் வைக்கும்போது எதைக் கொடுக்கிறோம், எதைக் கையில் வைத்துக்கொள்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டும் ஒரு சொத்துதான். சொத்து கைமாறிப்போன கதைகள் இந்த மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று கேள்விகளோடு தொடங்குகிறேன். திரையில் ஒலிப்பது யாருடைய சொல்? தெரிவது யாருடைய முகம்? அதன் வருமானமும் பெயரும் யாருடைய உரிமை? ஒரு கலைஞர் பாட்டிலிருந்து நடிப்புக்குப் போகும் பாதையை இந்த மூன்றையும் வைத்து அளந்தால், அவருடைய திறமையோடு அவர் நின்ற தரையும் நமக்குத் தெரியவரும்.

கோவையிலிருந்து ஒரு பாதை

தமிழில் சொல்லிசையிலிருந்து கதாநாயகன் இடத்துக்கு வந்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஹிப்ஹாப் தமிழா ஆதி. கோயம்புத்தூர்க்காரர், 1990இல் பிறந்தவர், பொறியியல் படித்தவர். நண்பர் ஜீவாவோடு சேர்ந்து 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் இயங்கியவர். 2011இல் 'க்ளப்புல மப்புல' என்ற பாடல் பண்பலை வானொலி வழியாக வெளியே வந்து யூடியூபில் பரவியது. குடிக்கும் பெண்களைக் கண்டிக்கும் தொனியில் இருந்ததால் அது விமர்சனத்துக்கும் உள்ளானது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தது. 2013இல் 'எதிர்நீச்சல்' படத்தில் அனிருத் இசையில் பாடினார். 2015இல் சுந்தர்.சி இயக்கிய 'ஆம்பள' படத்தில் ஆதியும் ஜீவாவும் இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அதே ஆண்டில் 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்' படங்களும் வந்தன.

2017 ஜூலையில் 'மீசைய முறுக்கு'. எழுத்து, இயக்கம், இசை, கதாநாயகன் என எல்லாம் ஆதியே. தயாரித்தவர் சுந்தர்.சி. கதை ஏறக்குறைய ஆதியின் சொந்தக் கதை. அதன்பின் 'நட்பே துணை' (2019), 'நான் சிரித்தால்' (2020), காஞ்சிபுரம் பட்டு நெசவுக் குடும்பத்தை வைத்து அவரே இயக்கிய 'சிவகுமாரின் சபதம்' (2021), 'அன்பறிவு' (2022), 'வீரன்' (2023), 'பி.டி.சார்' (2024), மறுபடியும் அவரே இயக்கிய 'கடைசி உலகப் போர்' (2024) என்று தொடர்ந்து நடித்துவருகிறார்.

நம் மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். 'மீசைய முறுக்கு' படத்தில் சொல் அவருடையது, முகம் அவருடையது, கதையும் அவருடையது. பாட்டு எழுதும் பையன் தன் வாழ்க்கையைத் தானே இயக்கித் தானே நடித்தது தமிழ் சினிமாவில் அபூர்வம். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. அது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் சமூகவியல் மாணவியாக என் கேள்வி.

ஓராண்டு அவகாசம்

விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது. படிப்பை முடித்த மகன், இசைதான் வாழ்க்கை என்கிறான். விவேக் நடித்த அப்பா பாத்திரம் யோசித்துவிட்டு, சென்னைக்குப் போய் முயற்சி செய்துபார் என்று ஓராண்டு அவகாசம் தருகிறது. படம் பார்த்தவர்களுக்கு நெகிழ்ச்சியான இடம் அது. நாம் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓராண்டு என்பது என்ன? வாடகை, சாப்பாடு, ரயில் டிக்கெட், ஸ்டுடியோ வாடகை. அந்த ஓராண்டில் மகன் சம்பளம் கொண்டுவராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற உறுதி. தோற்றால் திரும்பிவந்து கையில் இருக்கும் பட்டத்தை வைத்து வேலை தேடலாம் என்ற தைரியம்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம், சமூக மூலதனம் என்று பிரித்து விளக்கினார். பணம் மட்டும் மூலதனம் இல்லை. பேசும் விதம், படித்த கல்லூரி, அறிமுகங்கள், தோல்வியைத் தாங்கும் வீடு எல்லாமே மூலதனம் என்றார். நம் காலனியில் ஒரு பிள்ளை நன்றாகப் பாடினால் திறமைக்குக் குறைவில்லை. குறைவது அந்த ஓராண்டு. மறைமலை நகர் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டு பார்த்துவிட்டு வரும் பையன், எந்த மணி நேரத்தில் பாட்டு எழுதுவான்? அவனிடம் 'திறமை இருந்தால் மேலே வரலாம்' என்று சொல்வது, தகுதி, திறமை என்று சொல்லி இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களின் பேச்சுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

குரல் போனது, முகம் போகவில்லை

ஆதிக்கு முன்பே சென்னையின் சேரிக் குரல் சினிமாவுக்குள் போய்விட்டது. 1994இல் 'காதலன்' படத்தில் 'பேட்டராப்' வந்தது. பேட்டையின் பெயர் இருந்தது, பேட்டையின் பேச்சு இருந்தது. ஆடியவர்கள் பிரபுதேவாவும் வடிவேலுவும். பேட்டை ஒரு சுவையாக, ஒரு துள்ளலாகப் பயன்பட்டது. அங்கே வாழ்ந்து பாடியவர்கள் படத்தின் கதைக்குள் இல்லை.

கானா சாவு வீட்டில் வளர்ந்த கலை. இரவெல்லாம் பிணத்தருகே உட்கார்ந்து இறந்தவரின் வாழ்க்கையையும் வாழ்வின் நிலையாமையையும் பாடுகிற கலை. 2006இல் மிஷ்கினின் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடியதோடு திரையிலும் தோன்றினார். அந்த ஒரு பாட்டு தமிழகம் முழுக்க ஓடியது. 2012இல் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வழியாக கானா பாலா பெரிய அளவில் அறியப்பட்டார். அவர் சட்டம் படித்தவர். 2013இல் 'சூது கவ்வும்' படத்தில் பாடி, திரையிலும் வந்தார். இவர்கள் முகம் திரையில் தெரிந்தது உண்மை. ஆனால் எவ்வளவு நேரம்? பெரும்பாலும் ஒரு பாட்டு நேரம். பாட்டு முடிந்ததும் கதை மறுபடியும் கதாநாயகனிடம் போய்விடும். கானாப் பாடகருக்கு சினிமா கொடுத்த இடம் விருந்தாளியின் இடம்.

இந்தி சினிமாவில் இது இன்னும் துலக்கமாக நடந்தது. மும்பைக் குடியிருப்புகளிலிருந்து வந்த டிவைன், நேஸி என்ற இரு ராப் பாடகர்களின் வாழ்க்கையைத் தூண்டுதலாகக் கொண்டு 2019இல் 'கல்லி பாய்' வந்தது. நாயகனாக நடித்தவர் ரன்வீர் சிங். வாழ்ந்தவர்கள் ஒருபுறம், வாழ்ந்ததாக நடித்தவர் மறுபுறம். 2018இல் ரஞ்சித் இயக்கிய 'காலா' கொஞ்சம் வேறு வழியில் போனது. தாராவியின் தமிழ் இளைஞர்கள் இருந்த டோப்டெலிக்ஸ் ராப் குழு அதில் பாடல் எழுதியது, பாடியது, தாராவிக்காரர்களாகவே திரையிலும் நின்றது. சிறிய இடம்தான். ஆனாலும் சொல்லும் முகமும் ஒரே உடலில் இருந்தன.

'நாம்' என்றால் யார்?

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சொல்லிசையில் 'நான்' என்ற சொல் அதிகம். அந்த 'நான்' எந்த 'நாம்' என்பதன் பகுதி என்பதுதான் அரசியல். ஆதியின் பாடல்களில் அந்த 'நாம்' தமிழன். மொழிப் பெருமை, மீசை, வீரம், மாடு, மண். 2016இல் ஜல்லிக்கட்டுக்காக 'டக்கரு டக்கரு' பாடினார். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்கு அந்தப் பாட்டு ஒரு கொடிபோல இருந்தது. கடைசியில், போராட்டம் திசைமாறிவிட்டது என்று அறிவித்து விலகினார். விலகுவது அவர் உரிமை. மறுநாள், ஜனவரி 23 அன்று, காவல்துறையின் கை நடுக்குப்பம் மீனவர் குடியிருப்பின் மீது விழுந்தது. மீன் சந்தை எரிந்தது. அங்கே குடியிருந்தவர்களுக்கு விலகிப் போகும் வசதி இல்லை. தமிழன் என்ற பெரிய 'நாம்' உள்ளே பல படிகளாக இருக்கிறது என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியது. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். பெயரின் பின்னால் சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்து. அங்கேயும் 'நாம்' தமிழர்தான். ஆனால் சாதியை மறைத்துவிட்டுச் சொன்ன தமிழர் இல்லை, சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்ட தமிழர். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, ஆணவக்கொலை எல்லாம் பாட்டாயின. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி நின்று பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அரக்கோணத்து அறிவு அந்தக் குழுவிலிருந்துதான் வெளியே தெரிந்தார்.

கதாநாயகன் இடத்துக்குப் போவதற்கு எந்த 'நாம்' வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்' குடும்பப் படத்துக்கு ஒத்துவரும், கல்லூரி விழாவுக்கு ஒத்துவரும், தொலைக்காட்சிக்கும் ஒத்துவரும். சாதியைப் பெயர் சொல்லும் 'நாம்' சந்தைக்கு நெருடல். சந்தையில் சொல்லிசை கலைஞன் நடிகனாவது அவன் குரல் வளத்தை மட்டும் பொறுத்ததில்லை. அவன் எதைச் சொல்லாமல் விடத் தயாராக இருக்கிறான் என்பதையும் பொறுத்தது.

கறுப்பர் அனுபவம்

ஹிப்ஹாப் 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. ஏழைக் கறுப்பின, லத்தீன் இளைஞர்களின் கலை. அங்கே பாடகர் நடிகராவது சாதாரணம், அதனால் நமக்கு அங்கே பாடங்கள் உண்டு. மூன்று பேரைச் சொல்கிறேன்.

ஐஸ்-டி 1992இல் தன் பாடி கவுன்ட் குழுவோடு காவல்துறை வன்முறைக்கு எதிராக ஒரு பாட்டு வெளியிட்டார். காவலர் அமைப்புகள் நாடு முழுக்க எதிர்த்தன. கடைசியில் அந்தப் பாட்டு தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஐஸ்-டி 2000ஆம் ஆண்டு முதல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் துப்பறிவாளராக நடித்துவருகிறார். பாட்டில் பேசியபோது சொல் அவருடையது, அதற்குத் தண்டனை வந்தது. தொடரில் பேசும்போது சொல் வேறொருவருடையது, அதற்குச் சம்பளம் வந்தது. அவரை நான் குறைசொல்லவில்லை. நடிப்பு என்ற தொழிலின் இயல்பே அதுதான். பாடகர் தன் சொல்லைச் சொல்கிறார், நடிகர் கொடுத்த சொல்லைச் சொல்கிறார்.

ஐஸ் கியூப் வேறு வழி எடுத்தார். 1991இல் 'பாய்ஸ் இன் த ஹுட்' படத்தில் நடித்தார். 1995இல் 'ஃப்ரைடே' படத்துக்குத் தானே கூட்டாகத் திரைக்கதை எழுதி, நடித்தார். தன் தெருவின் சாதாரண ஒரு நாளைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். குயின் லத்தீஃபா 1989இல் முதல் தொகுப்பை வெளியிட்டவர். பெண்களின் மரியாதைக்காகப் பாடியவர். 1993 முதல் தொலைக்காட்சித் தொடரில் நாயகி, 2002இல் வந்த 'சிகாகோ' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். தனக்கென்று நிறுவனமும் வைத்துக்கொண்டார். இவர்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: முகத்தைக் கொடுத்தபோது சொல்லையும் உரிமையையும் முழுக்க விட்டுவிடவில்லை.

மாமல்லபுரத்தில் நடந்ததும் காகிதத்தில் இருப்பதும்

இனி மூன்றாவது கேள்வி. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதன் வேர் என்று அறிவு சொன்னார். பாட்டு உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் பெயரோடு மற்றவர்கள் முகம் வந்தது, அறிவு முகம் இல்லை. ரஞ்சித் பொதுவெளியில் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனி இணைய அட்டை வந்தது.

2022 ஜூலை 28 அன்று 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. போட்டி நம் மாமல்லபுரத்தில், தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். அந்த விழாவில் இந்தப் பாட்டு அறிவு இல்லாமல் பாடப்பட்டது. அறிவு தன் பங்கை நினைவூட்டி எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பை விளக்கினார்கள். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்குமே வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. உலகமே பாடிய பாட்டுக்கே பெயரிலும் பணத்திலும் இவ்வளவு சிக்கல் என்றால், கேட்க ஆளில்லாத கலைஞருக்கு என்ன நடக்கும் என்பதுதான் நம் கவலை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அதன்படி, படத்துக்காகப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், அந்தப் பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் சம பங்குக்கு உரியவர்கள். அந்தப் பங்கை வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உரிமையை விற்றுவிட்டாலும் 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். பாடுபவருக்கும் நடிப்பவருக்கும் 'நிகழ்த்துநர் உரிமை' என்று ஒன்று உண்டு.

ஆனால் நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. படத்தில் போகிறபோக்கில் வந்துபோகிறவர், வழக்கமாக டைட்டிலில் பெயர் போடப்படாதவர், பெரும்பாலான உரிமைகளுக்கு நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். சாவு ஊர்வலக் காட்சியில் பறையடிக்கும் நான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஆடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். டைட்டிலில் பெயர் இல்லை என்றால் சட்டத்தின் கண்ணிலும் கலைஞர் இல்லை என்ற நிலை வந்துவிடுகிறது.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. 1891இல் இந்த மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்குக் கைமாற்றக் கூடாது என்று நிபந்தனை. காகிதத்தில் இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது, காகிதம் நம் கையில் இருக்க வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவர் நம்மோடு இருக்க வேண்டும். பாட்டுக்கும் அதே விதிதான்.

நம் பிள்ளைகளுக்கு

சினிமாவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போக வேண்டும். நம் முகம் திரையில் முழுப் படத்துக்கும் நிற்க வேண்டும். போகும்போது சில வேலைகளைச் செய்துவிட்டுப் போங்கள்.

எழுதிய பாட்டைத் தேதியோடு வைத்திருங்கள். எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, ஆனால் நிரூபிக்கச் சான்று வேண்டும். பாட்டு வெளியானதும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன் நம் வழக்கறிஞர் தோழர்களிடம் காட்டுங்கள். ஒரு பாட்டுக்கு வந்து போனாலும் டைட்டிலில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். சம்பளத்தைப் பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆதிக்கு அவர் படத்து அப்பா கொடுத்த அந்த ஓராண்டை நம் பிள்ளைக்கு யார் கொடுப்பது? வீடு கொடுக்க முடியாதபோது சமூகம்தான் கொடுக்க வேண்டும். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற ஒரு குழு செய்தது அதுதான்: பயிற்சிக்கு இடம், மேடை, கூட நிற்க ஆட்கள். ஒவ்வொரு ஊரிலும் இரவுப் பாடசாலை நடத்திய மரபு நமக்கு உண்டு. அதே கட்டடத்தில் ஒரு மைக், ஒரு கணினி, வாரத்துக்கு இரண்டு மாலை போதும், தொடங்கிவிடலாம்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் நம்மை ஒதுக்கியதோ அதையே அட்டையில் அச்சடித்தார். எழுத்து அவருடையது, பெயர் அவருடையது, இதழும் அவருடையது. 'நாம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவர் பிறர் தீர்மானிக்க விடவில்லை. கைபேசியில் பீட் ஓடவிட்டு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அவருடைய வாரிசுகள். நாளை அவர்களில் ஒருவர் திரையில் வரும்போது, படம் முடிந்து பெயர்கள் ஓடும் வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்போம். அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லை என்றால் கேட்போம்.